வழிப்போக்கருக்காக எழுந்த தைக்கா

போஸ்னியாவின் மொஸ்டார் நகருக்கு வருகிறவர்கள், 1993-ல் தகர்க்கப்பட்டு 2004-ல் திரும்பக் கட்டப்பட்ட பழைய பாலத்தைப் பார்த்த பிறகு, கையில் மிஞ்சும் அரைநாளில் போய்வரும் ஊர் பிளாகாய். தொலைவு சுமார் 12 கிலோமீட்டர்தான். அங்கே ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறை. பாறையின் அடியில் குகை. குகையிலிருந்து முழு ஆறாகவே வெளிப்படும் பூனா. ஊற்றின் ஓரத்திலேயே, பாறையில் சாய்ந்தாற்போல, வெள்ளைச் சுவர்களோடு ஒரு தைக்கா, அதாவது சூஃபிகள் கூடும் வீடு. இதற்கு அறுநூறு வயது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதுண்டு. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது. இங்கே நெடுங்காலம் நிலைத்தது, வழிப்போக்கரை உள்ளே அழைத்து உட்கார வைக்கும் வழக்கம். கட்டடங்கள் அந்த வழக்கத்துக்காக எழுந்தன, விழுந்தன, மறுபடி எழுந்தன.

முதலில் காலத்தைப் பார்ப்போம். தைக்காவுக்கு மேலே மலையுச்சியில் இடிந்து கிடக்கும் கோட்டை, ஹெர்செகோவினாவை ஆண்ட ஸ்டெபான் வுக்சிச் கோசாச்சாவுடையது. 1448-ல் அவர் சூட்டிக்கொண்ட 'ஹெர்செக்' பட்டத்திலிருந்துதான் அந்த நாட்டுக்கே பெயர் வந்தது. 1460-களின் நடுவில் ஒட்டோமானியர் பிளாகாயைக் கைப்பற்றினார்கள். 1520-ஐ ஒட்டி ஊருக்குள் சுல்தான் பெயரில் பள்ளிவாசல் எழுந்தது. தைக்காவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக முக்கியமான பழைய குறிப்பு, 1664-ல் அவ்வழியே போன பயணி எவ்லியா செலபி எழுதியது. மொஸ்டாரின் முஃப்தி இந்த ஊற்றருகே கல்வத்தி தரீக்கா என்னும் சூஃபி வழியினருக்கு ஒரு தைக்கா கட்டினார், தர்வேசுகள் அங்கே அமர்ந்து நட்போடு அறிவுரையாடல் நடத்துகிறார்கள் என்பது அவர் தரும் செய்தி. கட்டியவர் இன்னார் என்று அடையாளம் சொல்லுமளவுக்கு அந்தத் தைக்காவின் தொடக்கம் அன்று நினைவில் இருந்திருக்கிறது. இப்போது நாம் பார்க்கும் கட்டடமோ அதற்கும் பிந்தியது. அது 1851-ஐச் சேர்ந்தது. போஸ்னியப் பிரபுக்களை அடக்க வந்த ஒட்டோமானியத் தளபதி ஓமர் பாஷா லாதாஸின் காலம் அது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஒட்டோமானியப் படை வருவதற்கு முன்பே தர்வேசுகள் பால்கன் மண்ணில் நடமாடினார்கள். ஊற்றோரத்துக் கப்ர் அறையில் அடங்கியிருப்பதாக நம்பப்படும் சாரி சால்துக் 13-ஆம் நூற்றாண்டுத் தர்வேசு. ஆகவே தைக்காவும் அந்தக் காலத்ததாக இருக்கலாமே என்பார்கள். தர்வேசுகள் முன்னரே வந்திருக்கலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சால்துக்கின் கப்ர் அதற்குச் சான்றாகாது. அவருக்கு ருமேனியாவின் பாபாதாகில் ஓர் அடக்கத்தலம் உண்டு, பல்கேரியாவின் கலியாக்ரா முனையில் ஒன்று, அல்பேனியாவின் க்ரூயா மலைக்குகையில் ஒன்று. தாம் இறந்ததும் ஏழு பெட்டிகள் செய்து ஏழு நாடுகளுக்கு அனுப்பச் சொன்னார், எதில் உடல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்பது கதை. உடலைத் தேடுகிறவருக்கு அந்தக் கதை ஒன்றும் தராது. ஆனால் ஓர் ஊற்றங்கரையைப் புனிதமாக்கி, அங்கே வருகிறவர்களுக்கு ஜியாரத் செய்ய ஒரு காரணம் தர அது போதும். எந்த ஊராரும் இது எங்கள் பெட்டி என்று சொல்லிக்கொள்ள அதில் இடமிருக்கிறது. இப்படிப் பார்த்தால் பிளாகாயின் கப்ர், யார் எப்போது இறந்தார் என்பதைவிட, மக்கள் எதற்காக இங்கே வந்தார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது.

பாறையும் சாட்சி சொல்கிறது. மேலிருந்து உருண்டு விழும் கற்கள் இந்த வளாகத்தைப் பலமுறை சிதைத்திருக்கின்றன. பழைய தொகுப்பில் எஞ்சி நிற்பவை முக்கியமாக இரண்டு: ஒன்று கப்ர் அறை, மற்றது முசாபர்கானா, அதாவது வழிப்போக்கர் தங்கும் வீடு. இன்று 'மடம்' என்று காட்டப்படுவது அந்த விடுதியைத்தான். உள்ளே போனால் அதன் நோக்கம் விளங்கும். சுவரோரமாகத் தாழ்வான திண்ணை இருக்கைகள், தரை முழுக்கக் கம்பளம், செதுக்குவேலை கொண்ட மர மேல்தளம், ஆற்றைப் பார்த்த சன்னல்கள். பக்கத்தில் சமையலறை, ஒளுச் செய்ய இடம், சின்னதாய் ஒரு ஹம்மாம். அதன் கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள் வழியே வெளிச்சம் இறங்குகிறது. நடந்து களைத்து வந்தவர் குளிக்க, உண்ண, தொழ, தூங்க வேண்டியவை எல்லாம் இங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. உலகைத் துறந்து கதவடைத்துக்கொள்ளும் துறவிக்கு இவ்வளவு தேவைப்பட்டிருக்காது. திக்ரு என்னும் இறைநினைவு வழிபாட்டுக்கும் விருந்தோம்பலுக்கும் தனித்தனிக் கட்டடம் எழுப்பாமல் இரண்டையும் அடுத்தடுத்த அறைகளில் வைத்ததுதான் இந்த வீட்டின் அழகு என்பது என் கருத்து.

ஏன் இங்கே என்பதற்கு விடை நீரில் இருக்கிறது. கிழக்கே மேட்டுநிலத்தில் உள்ள நெவெசினியே சமவெளியில் சாலொம்கா என்ற ஆறு ஒரு பிலத்துக்குள் விழுந்து மறைந்துபோகிறது. அங்கே ஆடு மேய்த்த ஒருவன் தன் கோலைப் பிலத்தில் போட, கீழே பூனாவில் மாவு மில் வைத்திருந்த தகப்பன் கையில் அது கிடைத்தது என்று ஊரில் கதை சொல்வார்கள். பின்னாளில் நீரில் சாயம் கலந்து செய்த சோதனைகள் அந்த நிலத்தடித் தொடர்பு உண்மைதான் என்று காட்டின. ஐரோப்பாவின் பெரிய ஊற்றுகளில் ஒன்றான இது கோடையிலும் குளிர்ந்தே ஓடுகிறது. 9 கிலோமீட்டர் ஓடி நெரெத்வா ஆற்றில் கலப்பதற்குள் மில்களைச் சுழற்றி, தோட்டங்களை வளர்த்து, ஓர் ஊரையே தாங்குகிறது. கோடையில் காய்ந்து தகிக்கும் ஹெர்செகோவினாவில் இப்படியொரு நீர்நிலையைக் கடந்துபோகாமல் மனிதர்கள் நின்றிருப்பார்கள். நிற்கிறவர்களுக்கு ஒரு வீடு தேவைப்பட்டது.

இன்னொரு மறுப்பு கடுமையானது: வழக்கம் தொடர்ந்தது என்கிறீர்களே, 1952-ல் அது அறுந்துபோகவில்லையா? அந்த ஆண்டு கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் போஸ்னிய இஸ்லாமிய நிர்வாகமே தைக்காக்களின் செயல்பாட்டைத் தடை செய்தது. திக்ரு வீடுகளுக்குள் ஒதுங்கியது. அந்த முறிவைச் சின்னதாகக் காட்ட நான் விரும்பவில்லை. ஒரு தலைமுறை தன் வழிபாட்டிடத்தை இழந்தது. ஆயினும் தடையால் மூட முடிந்தது அமைப்பை மட்டுமே, வழியை மூட முடியவில்லை. இப்போது ஆண்டுதோறும் மே மாதத்தில் இங்கே நடக்கும் மவ்லிதுக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து சேர்கிறார்கள். வீட்டைப் புதுப்பித்தும் விட்டார்கள், திக்ருவும் திரும்பியிருக்கிறது.

சீட்டு வாங்கி நுழைந்து, படம் எடுத்துவிட்டுப் போகிறவர் எப்படி விருந்தாளி ஆவார் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. முன்பு வழிப்போக்கருக்கு வக்ஃபு வருமானத்தில் சோறு போட்டார்கள். இப்போது அவரே பணம் தருகிறார். ஆனால் தங்காமல் கடந்துபோவதே குற்றம் என்றால் எவ்லியா செலபியும் அந்தக் குற்றவாளிதான். அவரும் பார்த்து, எழுதிக்கொண்டு, தன் வழியே போனவர். குறை இருப்பது பயணத் திட்டத்தில். அக்கரை உணவகங்களில் ட்ரௌட் மீன் சாப்பிட ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர்கள் தைக்காவுக்குள் இருபது நிமிடம்தான் தருகிறார்கள். அக்கரையிலிருந்து பார்த்தால் தைக்காவின் முகப்பு அழகாகத் தெரியும், அங்கிருந்துதான் எல்லாப் படங்களும் எடுக்கப்படுகின்றன. ஆனால் அந்த வீடு கட்டப்பட்டது உள்ளே வந்து உட்காருவதற்காக. செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, சன்னலுக்குக் கீழே ஓடும் நீரைக் கேட்டுவிட்டு, மீனை இருபது நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். அதற்கும் அரைநாள் தாராளமாகப் போதும்.