வாகன முகவர் வணிகமும் குடும்ப மூலதனமும்: மதுரை டி.வி.எஸ். நிறுவனம் பற்றிய ஒரு நோக்கு

வணிக மூலதனம் கைத்தொழில் மூலதனமாக மாறும் முறையினை விளங்கிக்கொள்ள, மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். திருக்குறுங்குடியிற் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் (1877–1955) பஸ் சேவையுடன் தொழிலைத் தொடங்கினார். பின்னர் அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் முகவரானார். சுந்தரம் மோட்டோர்ஸ், மதராஸ் ஓட்டோ சேர்விஸ் ஆகிய பெயர்களில் வாகன விற்பனையும் உதிரிப்பாக வணிகமும் மதுரைக்கு வெளியேயும் பரந்தன. உடைமையோ குடும்பத்தினுள்ளேயே நின்றது.

முகவர் வணிகம் பிறர் உற்பத்தியைச் சார்ந்தது. வாகனங்களைப் பொருத்துதல் மட்டும் போதாது, உள்நாட்டிலேயே உற்பத்தி செய்தல் வேண்டுமென இந்திய அரசு 1953இல் வற்புறுத்தியது. 1928 முதல் பம்பாயில் வாகனங்களைப் பொருத்திவந்த ஜெனரல் மோட்டோர்ஸ் 1954இல் வெளியேறியது. அதே ஆண்டில் வாகனக் கடன் வழங்கும் சுந்தரம் பைனான்ஸ் தோன்றியது. 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூக்காஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என்பன பிரித்தானியக் கம்பனிகளின் கூட்டுடன் எழுந்தன. விற்றவர் உற்பத்தியாளராயினர்; ஆயினும் அந்நியச் சார்பு முற்றாக நீங்கவில்லை.

1972இல் தமிழக அரசு இக்குடும்பத்தின் பஸ்களை நாட்டுடைமையாக்கிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தை அமைத்தது. ஆனால், மூலதனத்தின் பெரும்பகுதி அதற்கு முன்னரே பஸ்ஸை விட்டு நகர்ந்திருந்தது. வெளிப்படையாகத் தெரிந்த பஸ் பொதுவுடைமையாயிற்று. வாகன விற்பனையும் கடன் நிறுவனமும் ஆலைகளும் தனியுடைமையாகவே எஞ்சின. 2020ஆம் ஆண்டுக் குடும்ப உடன்படிக்கையின்படி அவை கிளைக் குடும்பங்களிடையே பிரிக்கப்பட்டன. பல தலைமுறைத் தொழிலாளரின் உழைப்பால் வளர்ந்த செல்வம் பாகப்பிரிவினைக்குரிய பரம்பரைச் சொத்தாகவே கொள்ளப்பட்டமை, நாட்டுடைமையாக்கத்தின் எல்லையைத் தெளிவாகப் புலப்படுத்துகின்றது.