கிருஷ்ணகிரிக்கு வந்த மிசோரி

ஓசூரில் ஒருவர் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேவா?" சிப்காட் வந்த நாளிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் பெட்டியோடு சபையையும் கொண்டுவந்தார்கள். திருநெல்வேலிக்காரர்களோடு சி.எஸ்.ஐ. வந்தது, திருச்சி தஞ்சாவூர்க்காரர்களோடு டி.இ.எல்.சி. வந்தது. கேரளத்துக்காரர்களின் சீரோ மலபார் திருச்சபைக்கு 2017இல் ஓசூர் பெயரிலேயே ஒரு மறைமாவட்டம் அமைந்துவிட்டது. இவ்வளவையும் அறிந்த ஊரில் நான் "லுத்தரன்" என்று சொன்னால், "ஓ, டி.இ.எல்.சி.யா டீச்சர்?" என்பார்கள். "இல்லைங்க, ஐ.இ.எல்.சி." என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எனக்கு அதில் வருத்தம் உண்டு. மற்ற சபைகளெல்லாம் இந்தப் பகுதிக்கு வெளியிலிருந்து வந்தவை. இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை ஒன்றுதான் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டரில், கிருஷ்ணகிரியில் தொடங்கி, பிறகு கன்னியாகுமரி வரை போன சபை. பர்கூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் அப்பா மிஷன் பள்ளி ஆசிரியராக இருந்தார். வீட்டுப் பெரியவர்கள் சபையின் முழுப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "மிசோரி மிஷன்" என்றுதான் சொல்வார்கள். கிருஷ்ணகிரி மலைக்கும் அமெரிக்காவின் மிசோரி ஆற்றுக்கும் என்ன உறவு என்பதற்குப் பதில் தேடினால் ஜெர்மனிக்குப் போக வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் லுத்தரன் என்றதும் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குதான் நினைவுக்கு வருவார். அவருக்குப் பின் வந்த டேனிஷ் ஹாலே மிஷனின் சொத்தும் பொறுப்பும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லைப்சிக் மிஷன் கைக்கு வந்தன. அந்த மிஷன்தான் வளர்ந்து 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, அதாவது டி.இ.எல்.சி. ஆயிற்று. எங்கள் சபையின் முதல் இரண்டு மிஷனரிகளும் லைப்சிக்கின் ஆட்களாகவே தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள். தியோடர் நேதர், ஃபிரான்ஸ் மோன் என்பவை அவர்கள் பெயர்கள். லைப்சிக் மிஷன் அவர்களை நீக்கிவிட்டது. பணமோ ஒழுக்கமோ காரணமில்லை. வேதாகமத்தைப் பற்றிய ஒரு கேள்விதான் காரணம்.

அந்தக் காலத்து ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் வேதாகமத்தை மற்றப் பழைய நூல்களைப் போலவே வைத்து ஆராயும் முறை வேரூன்றிவிட்டது. யார் எழுதியது, எப்போது எழுதியது, எங்கே முரண்படுகிறது என்று கேட்டார்கள். மிஷன் தலைமையிலும் அந்தக் காற்று வீசியது. வேதத்தில் உள்ள சொல் ஒவ்வொன்றும் ஆவியால் அருளப்பட்டது, அதில் பிழை கிடையாது என்று நேதரும் மோனும் பிடித்துக்கொண்டார்கள். பிழை இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிற தலைமையின்கீழ் வேலை செய்ய முடியாது என்றார்கள். இந்தச் சண்டை அவர்களோடு தொடங்கியதும் அல்ல. 1876இலேயே கார்ல் மாந்தே சோர்ன் என்ற இளம் மிஷனரியும் அவரோடு சிலரும் கொள்கை வேறுபாட்டால் லைப்சிக்கை விட்டு விலகியிருந்தார்கள். சோர்ன் அமெரிக்கா போய் மிசோரி சினாடில் போதகரானார்.

மிசோரி சினாடும் விலகி வந்தவர்களின் சபைதான். சாக்சனி நாட்டுத் திருச்சபையில் பகுத்தறிவுப் போதனை பெருகிவிட்டது, லுத்தருடைய விசுவாசம் இனி அங்கே பிழைக்காது என்று நம்பிய எழுநூறு பேர் போல 1838இல் கப்பலேறினார்கள். ஐந்து கப்பல்களில் அமாலியா என்ற ஒன்று கடலிலேயே காணாமல் போயிற்று. மற்ற நான்கும் 1839 தொடக்கத்துக்குள் நியூ ஆர்லியன்ஸ் சேர்ந்தன. அங்கிருந்து மிசிசிப்பி ஆற்றின் வழியே மேலேறி மிசோரி மாநிலத்தில் குடியேறினார்கள். அவர்களில் ஒருவரான வால்தரும் அங்கங்கே குடியேறியிருந்த மற்ற லுத்தரன்களும் சேர்ந்து 1847இல் சிகாகோவில் அமைத்ததுதான் மிசோரி சினாடு. பிள்ளைகளை இழந்து, கப்பலை இழந்து, கொள்கைக்காகக் கடல் தாண்டியவர்களுக்கு நேதரும் மோனும் அந்நியர்களாகத் தெரிந்திருக்க முடியாது.

சினாடு 1893இல் வெளிநாட்டு ஊழியத்துக்குத் தீர்மானித்தபோது முதலில் மனதில் இருந்த நாடு ஜப்பான். தமிழ் பேசத் தெரிந்த, தமிழ்நாட்டில் வேலை பார்த்த இருவர் கையில் கிடைத்ததும் திட்டம் மாறியது. 1894இல் அமெரிக்காவில் அவர்களுக்கு அபிஷேகம் நடந்தது. மறு வருடமே நேதர் கிருஷ்ணகிரியில் இருந்தார். ஜப்பானுக்குப் போயிருக்க வேண்டிய சபை, ஜெர்மனியில் நடந்த ஒரு வாக்குவாதத்தால், எங்கள் மாம்பழ ஊருக்கு வந்து சேர்ந்தது.

அப்போது கிருஷ்ணகிரி சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து வெள்ளைக்காரர்களுக்குக் கைமாறிய பாராமகால் பகுதி இது. கோட்டையிருந்த மலை, அதன் அடியில் பேட்டை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் கேட்கும். காவிரிக் கரையில் லைப்சிக் வேரூன்றியிருந்த ஊர்களை விட்டு இவ்வளவு தள்ளி வந்ததால் பழைய எஜமானர்களோடு இடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் சேரி மக்கள். படிப்பறிவு மறுக்கப்பட்டவர்களுக்கு ஒரு மரத்தடியும் கரும்பலகையும் கிடைத்தன. எங்கள் தாத்தா எழுதப் படிக்கக் கற்றதும் அப்படித்தான். வேதத்தின் ஒவ்வொரு சொல்லும் முக்கியம் என்று நம்புகிறவன் அதைப் படிக்கக் கற்றுக் கொடுக்காமல் இருக்க முடியாது. அந்தப் பிடிவாதத்தின் மிக நல்ல பலன் இதுதான் என்பது, வாழ்நாள் முழுக்க வகுப்பறையில் நின்ற என்னுடைய எண்ணம்.

நேதருக்கு இங்கே ஒன்பது வருடங்கள் கூட நிறைவாகக் கிடைத்தனவா என்பது சந்தேகம். 1896இல் பம்பாயில் பிடித்த பிளேக் 1898இல் பெங்களூருக்கு வந்தது. பெங்களூருக்கு வந்தது ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் வர வெகுநாளாகவில்லை. ஊரைக் காலிசெய்து மக்கள் காட்டில் குடிசை போட்டுக்கொண்ட கதையை எங்கள் பாட்டி தன் மாமியார் சொன்னதாகச் சொல்வார். 1904இல் நேதரும் அந்த நோயில் கிருஷ்ணகிரியிலேயே இறந்தார். நாற்பது வயது ஆகவில்லை.

சரி, இந்தச் சபை மற்றச் சபைகளிலிருந்து எதில் வேறுபடுகிறது? சின்னப் பிள்ளையிலிருந்தே அதை உணர்ந்தவள் நான்.

ஞானோபதேச வகுப்பில் "கொலை செய்யாதிருப்பாயாக" என்பது ஐந்தாம் கட்டளை என்று மனப்பாடம் செய்தேன். விடுமுறையில் சி.எஸ்.ஐ. சபையார் நடத்திய வேதாகம வினாடி வினாவில் ஐந்து என்றேன், தவறு என்றார்கள். அவர்களுக்கு அது ஆறு. விக்கிரகத்தைப் பற்றியதை லுத்தரன்கள் முதல் கட்டளையின் பகுதியாகவே வைத்து, கடைசியில் வரும் இச்சையை இரண்டு கட்டளைகளாகப் பிரிக்கிறோம். கத்தோலிக்கர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். லுத்தர் 1529இல் தன் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது பழைய எண்ணிக்கையை மாற்றவில்லை, மாற்றியவர்கள் சீர்திருத்தத்தின் மற்றப் பிரிவினர். எங்கள் பீடத்தில் சிலுவையில் இயேசுவின் உருவம் இருப்பதும், மெழுகுவர்த்தி எரிவதும் அப்படித் தங்கியவைதான். வேதம் தடுக்காததை எடுத்தெறிய வேண்டியதில்லை என்பது லுத்தருடைய நிலை. எங்களைப் பாதி ஆர்.சி. என்று நினைக்கிற பெந்தெகொஸ்தே நண்பர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நற்கருணையில்தான் வேறுபாடு ஆழமானது. அப்பமும் ரசமும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாக மாறிவிடுகின்றன என்பது கத்தோலிக்கப் போதனை. அவை நினைவுகூருதலின் அடையாளங்கள் என்பார்கள் பெந்தெகொஸ்தேயாரும் பாப்டிஸ்டுகளும். அப்பம் அப்பமாகவே இருக்கிறது, ஆனாலும் அதோடு அவருடைய மெய்யான சரீரம் கொடுக்கப்படுகிறது என்பது லுத்தரன் விசுவாசம். 1529இல் மார்பர்க் நகரத்தில் சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லியோடு நடந்த விவாதத்தில் லுத்தர் மேசைமேல் சுண்ணாம்புக் கட்டியால் கர்த்தருடைய வார்த்தையை எழுதிவைத்துக்கொண்டு, இதிலிருந்து நகரமாட்டேன் என்று உட்கார்ந்தாராம். அங்கே பிரிந்தது இன்னும் முழுதாகச் சேரவில்லை.

மிசோரிக்காரர்கள் இதிலிருந்து இன்னொரு படி போனார்கள். ஒரே விசுவாசத்தை அறிக்கையிடாதவர்களோடு ஒரே பந்தியில் உட்காரக் கூடாது என்றார்கள். வேறு சபையார் எங்கள் பீடத்தில் நற்கருணை வாங்க முடியாது, நாங்களும் அங்கே போய் வாங்கக் கூடாது. எங்கள் ஊரில் நற்கருணைக்கு முன்பே போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும். யாரோடாவது பகை இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு வரச் சொல்வார். அண்ணன் தம்பி வரப்புச் சண்டை அந்தச் சனிக்கிழமை இரவுகளில் தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே விதியால், சி.எஸ்.ஐ. குடும்பத்திலிருந்து மருமகளாக வந்த என் சித்தி பல மாதங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். மாமியார் எழுந்து பீடத்துக்குப் போவார், சித்தி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி இருப்பார். திரும்பவும் ஞானோபதேசம் படித்து, சபைக்கு முன்னால் அறிக்கை செய்த பிறகுதான் அவருக்கு அப்பம் கிடைத்தது. பந்தியை அற்பமாக எண்ணக் கூடாது என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஞானஸ்நானம் பெற்று அதே கர்த்தரை நம்பிய ஒரு பெண்ணை அப்படி உட்கார வைத்தது சரியில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, எங்களுக்குப் பேராயர் இல்லை. டி.இ.எல்.சி.க்கு 1921 முதல் பேராயர் உண்டு. எங்களுக்கு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தலைவர். சபையாரே அதிகாரத்தின் ஊற்று என்று வால்தர் அமெரிக்காவில் வகுத்த ஏற்பாடு அது.

கிருஷ்ணகிரியில் தொடங்கிய வேலை சில வருடங்களில் பர்கூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பரவியது. 1907இல் நாகர்கோவில் பகுதியிலிருந்து சாம்பவர் மக்களின் அழைப்பு வந்தது. அங்கே இருந்த மிஷன் சபையில் தங்களுக்கு இடமும் மதிப்பும் போதவில்லை என்ற மனக்குறை அவர்களுக்கு. அங்கே கிளம்பிய விளக்கு திருவனந்தபுரம் வரை போயிற்று. 1913இல் எல்லர்மன் என்ற அமெரிக்கச் செவிலியர் வந்து மருத்துவ வேலையைத் தொடங்கினார், ஆம்பூரின் பெதஸ்தா மருத்துவமனை 1920களில் எழுந்தது. இடையில் முதல் உலகப்போரின்போது ஜெர்மன் குடியுரிமை வைத்திருந்த மிஷனரிகளை ஆங்கில அரசு அனுப்பிவிட்டது. எஞ்சிய சிலரும் உள்ளூர் உபதேசியார்களும் ஆசிரியர்களும்தான் சபையைத் தாங்கினார்கள். அந்த உள்ளூர்க்காரர்களின் பெயர்களைப் பெரிய வரலாறுகளில் தேடினால் கிடைப்பது அரிது. அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் ஒருவரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டோம்.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், லண்டன் மிஷன் போன்றவற்றில் வளர்ந்தவர்களும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. பிறந்தது. லுத்தரன்கள் சேரவில்லை. பிறகு வருடக்கணக்கில் பேச்சு நடந்தும் சேரவில்லை. மிஷனாக இருந்தது 1958இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையாகத் தன் காலில் நின்றது. தன் காலில் நின்ற சபை தாய் போகாத வழியிலும் போயிற்று. 1970இல் அது லுத்தரன் உலக ஐக்கியத்தில் சேர்ந்தது. மிசோரி சினாடு இன்றுவரை அதில் இல்லை. நான்கு வருடம் கழித்து, 1974 பிப்ரவரியில், செயின்ட் லூயிஸிலுள்ள மிசோரியின் இறையியல் கல்லூரியிலிருந்து பெரும்பாலான பேராசிரியர்களும் மாணவர்களும் வெளியேறினார்கள். வேதாகமத்தை எப்படி ஆராயலாம் என்பதே அங்கும் சண்டை. நேதரை லைப்சிக்கிலிருந்து வெளியேற்றிய அதே கேள்வி, எண்பது வருடம் கழித்து, இம்முறை எதிர்த் தரப்பை வெளியே தள்ளியது.

இங்கே அப்படியொரு பிளவு வரவில்லை. 1975இல் அமைந்த இந்திய ஐக்கிய சுவிசேஷ லுத்தரன் சபையில் டி.இ.எல்.சி.யும் ஐ.இ.எல்.சி.யும் உறுப்பினர்கள். நேதரை நீக்கிய மிஷனின் பிள்ளைகளும் நேதரின் பிள்ளைகளும் சென்னை குருகுலத்தில் ஒரே வகுப்பில் இறையியல் படிக்கிறார்கள். நேதர் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்று தெரியும். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரு காலத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போன சபை, இப்போது ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கும் நாகர்கோவில் இளைஞர்களோடு திரும்பி வருகிறது. அவர்களில் ஒருவனிடம், உன் சபை இந்த மாவட்டத்தில்தான் பிறந்தது என்று சொன்னேன். நம்பவில்லை, கைபேசியை எடுத்து எங்கே என்று கேட்டான். பர்கூர் சாலையில் போகும் பஸ்ஸின் நேரத்தைச் சொல்லி அனுப்பினேன்.