பழசுக்குத்தான் விலை

தீபாவளிக்கு மறுநாள் ரவாங்கில் அம்மாவின் அடுப்படியில் ஒரு சட்டி எண்ணெய் ஆறிக் கிடக்கும். முறுக்கும் அதிரசமும் சுட்டு ஓய்ந்த எண்ணெய். நிறம் கடுந்தேநீர், அடியில் கருகிய மாவு, மூடியைத் திறந்தால் ஓம வாசனை. முன்பெல்லாம் அது சிங்க்கில்தான் போகும். பின்னாலேயே ஒரு கெண்டி வெந்நீர் ஊற்றுவார், கரைந்துவிடுமாம். எங்கே கரைகிறது? குழாயில் போகப் போக மற்ற கொழுப்போடும் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடும் சேர்ந்து சவர்க்காரக் கட்டி மாதிரி உறைந்துவிடும். ஒரு வருஷம் சாக்கடை அடைத்து, குழாய்க்காரர் அந்தக் கட்டியைக் கம்பியால் குத்தி எடுத்துக் காட்டிய பிறகுதான் வெந்நீர் நின்றது.

அந்த எண்ணெய் கடையில் வாங்கிய ஒரு கிலோ பாக்கெட். அரசு உதவியோடு 2.50 ரிங்கிட். பாக்கெட்டுக்கு முன்னால் செம்பனைத் தோட்டம். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமும் எங்களுக்கு அப்படியொன்றும் தூரமில்லை. ரவாங்குக்கு மேற்கே, கோலசிலாங்கூர் மாவட்டத்தில், 1917-இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டது. தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைக் காட்டுக்குத் தென்னமரம் என்று பெயர்! யார் வாயில் பிறந்த பெயர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சட்டி எண்ணெய் போத்தலுக்குப் போகிறது. பின்வாசலில் ஐந்து கிலோ போத்தல் நிரம்பியதும், தாமான் தாமானாகச் சுற்றும் பழைய எண்ணெய்க்காரர் வந்துவிடுவார்.

"அம்மா, எண்ணெய் இருக்குங்களா?"

"இருக்குப்பா. போன தடவ மாதிரி கொறைச்சுப் போடாத."

அவர் உடனே நிறுப்பதில்லை. போத்தலைச் சாய்த்து, வெயிலில் பிடித்து, அடியைப் பார்ப்பார். எண்ணெய்க்குக் கீழே தண்ணீர் தனி வரியாகத் தெரியும். எடைக்காகத் தண்ணீர் கலந்து தருகிறவர்களும் தாமானில் உண்டு. பார்த்து முடித்ததும் வலைக்கண் வடிகட்டி வைத்து 17 கிலோ தகர டின்னில் ஊற்றுவார். முறுக்குத் துகள் வலையில் நின்றுவிடும். அதைத் தட்டிய இடத்தில் காக்கை காத்திருக்கும்.

கிட்டங்கியில் எண்ணெயைச் சூடாக்கித் தண்ணீரையும் கசடையும் இறக்குவார்கள். அதன் பிறகு வழி இரண்டாகப் பிரிகிறது. பழைய வழி, மெத்தனாலும் காரமும் சேர்த்து 60 டிகிரிக்குச் சூடாக்கிக் கலக்குவது. நூறு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய பத்து கிலோ மெத்தனால். கிளிசரின் அடியில் தங்க, மேலே நிற்பது பயோடீசல். மீண்டும் மீண்டும் பொரித்த எண்ணெயில் தனிக் கொழுப்பமிலம் ஏறியிருந்தால் இது சவர்க்காரமாகத் திரிந்துவிடும். அதற்கு முதலில் அமில வைத்தியம் வேண்டும். புது வழியில் ஹைட்ரஜனைச் செலுத்தி எண்ணெயிலிருக்கும் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறார்கள். மிஞ்சுவதை மேலும் பக்குவப்படுத்தினால் மண்ணெண்ணெய் ஜாதி, விமானத்துக்கு ஏற்றது. 2022 ஜூன் 5 அன்று கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்த மலேசியா ஏர்லைன்ஸ் எம்எச்603-இல் இத்தகைய எரிபொருள் கலந்திருந்தது; அந்நிறுவனத்தின் முதல் பயணிகள் விமானம் அப்படிப் பறந்தது அன்றுதான். ஜொகூர் பெங்கெராங்கில் பெட்ரோனாஸ், இத்தாலிய, ஜப்பானிய நிறுவனங்களோடு சேர்ந்து ஆண்டுக்கு 6,50,000 டன் மூலப்பொருளைக் கையாளும் இத்தகைய சுத்திகரிப்பு ஆலை ஒன்றைக் கட்ட 2024-இல் முடிவெடுத்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் தன் விமான நிலையங்களில் நிரப்பும் எரிபொருளில் 2 விழுக்காடு பசுமை எரிபொருளாக இருக்க வேண்டும் என்கிறது; 2030-இல் அது 6 விழுக்காடு. அவர்கள் கணக்கில் பொரித்த எண்ணெய் கழிவு. கழிவுக்கு மதிப்பு கூடுதல். இங்கேதான் வேடிக்கை. பழைய எண்ணெயின் விலை 2.50 ரிங்கிட்டைத் தாண்டிய காலங்கள் உண்டு. பாக்கெட்டைப் பிரித்து, நாலு கருகிய துகளைப் போட்டுப் 'பழசு' என்று விற்றால் லாபம்! ஏழைக் குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் எண்ணெய், அடுப்பையே பார்க்காமல் கழிவாகிவிடுகிறது. ஆசியாவிலிருந்து வரும் பழைய எண்ணெயெல்லாம் உண்மையில் பழசுதானா என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் கேட்கத் தொடங்கியதில் தப்பில்லை. சோதனைச்சாலைக்கு முன்னால் இந்தக் கேள்வியை அடுப்படியில் கேட்க வேண்டும். எந்த வீட்டில், எந்தக் கடையில், மாதம் எவ்வளவு எண்ணெய் பொரிகிறது? ஒரு ரொட்டிச்சானாய்க் கடை தினம் நூறு கிலோ 'பழசு' தருகிறது என்றால், எனக்கே சந்தேகம் வரும்.

எரிசக்தி ரவாங்குக்குப் புதிதில்லை. 1894-இல் இங்கே ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கியை நிறுவினார்கள். மலாயாவில் மின்சாரம் தொடங்கிய கதை அது. பத்துமலை முருகனுக்கு வழிபாட்டைத் தொடங்கிவைத்த அதே தம்புசாமிதான். நான் இதைச் சொன்னபோது எண்ணெய்க்காரர் டின்னின் மூடியை அழுத்தியபடி, "அப்ப நாங்க ரெண்டாவது" என்றார்.

காசை எண்ணி வாங்கியதும் அம்மா உள்ளே போய் அடுப்பு மேடையில் ஒரு குட்டிப் போத்தலைச் சரிபார்ப்பார். டின்னுக்குப் போகுமுன் தெளிவாக மேலே நின்ற எண்ணெயில் இரண்டு கரண்டி.

"தாளிக்க வேணாமா?" என்பார்.