கோச்சடையான்: ரெய்ன் ஆஃப் ஆரோஸ்

ரஜினிகாந்தின் 'கோச்சடையான்' படத்தைத் தழுவி 2014இல் வெளிவந்த கைப்பேசி விளையாட்டு. உருவாக்கியது வ்ரூவி நிறுவனம். துப்பாக்கிக்குப் பதில் வில். தொடுதிரையில் குறிபார்த்து, அம்பெய்து எதிரிகளை வீழ்த்த வேண்டும்.

ரஜினியின் மகள் சௌந்தர்யா இயக்கிய மூலப்படம் 2014 மே 23இல் வெளியானது. நடிகர்களின் அசைவுகளைப் பதிவுசெய்து கணினி உருவங்களுக்கு ஏற்றிய படம் அது. ரஜினியே அதில் முப்பரிமாண உருவம் என்பதால், அவரது மற்றப் படங்களைவிட இதுவே விளையாட்டுக்கு இயல்பாகப் பொருந்தியது.

எட்டாம் நூற்றாண்டுப் பாண்டிய மன்னன் கோச்சடையன் ரணதீரனின் பெயரைப் படம் நினைவூட்டினாலும், கதை கற்பனையே.