ஒரு டிரா வித்தியாசத்தில் வந்த பட்டம்: சென்னை சிட்டியின் 2018-19 சீசன்

2019 மார்ச் 9 மாலை ஐ-லீக் முடிந்தபோது பட்டியலின் முதல் இரண்டு வரிகள் இப்படி இருந்தன: சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளி. இரண்டு அணிகளுக்கும் 20 ஆட்டங்கள், 13 வெற்றிகள். சென்னைக்கு 4 டிரா, 3 தோல்வி. ஈஸ்ட் பெங்காலுக்கு 3 டிரா, 4 தோல்வி. ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்காமல் டிரா செய்ததுதான் மொத்த வித்தியாசம்.

தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று தேசிய லீக் பட்டம் ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. ஆனா இன்னிக்கு நம்ம பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. சென்னையின் எஃப்சி தெரியும், அபிஷேக் பச்சன் தெரியும், நீல ஜெர்சி தெரியும். சென்னை சிட்டின்னா "அது எந்த டீம்?"னு கேப்பாங்க. அதனால்தான் இந்தக் குறிப்பு. நான் ரசிகன், நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீங்க. கணக்கு மட்டும் சரியா இருக்கும்.

அதுவரை நடந்த கதை

தமிழ்நாட்டில் கால்பந்து ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் அடித்த சைமன் சுந்தரராஜ் தஞ்சாவூர்க்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான். 1973இல் கேரளா முதன்முறையாகச் சந்தோஷ் டிராபி ஜெயித்தபோது பயிற்சியாளரும் அவர்தான்.

தேசிய லீக் 1996 டிசம்பரில் தொடங்கியது. 1997-98 சீசனில் அதிகக் கோல் அடித்தவர் ராமன் விஜயன், நம்ம ஆள். ஆனால் அடித்தது ஈஸ்ட் பெங்காலுக்கு. 2003இல் ஜகார்த்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கிளப் கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியில் தஞ்சாவூர் குலோத்துங்கன் இருந்தார்.

இதில் ஒரு ஒழுங்கு தெரியுது இல்லையா? ஆள் இங்கிருந்து போவார், பட்டம் அங்கே சேரும். இங்கே இருந்தது இந்தியன் வங்கி அணி. தேசிய லீக்கில் சில சீசன் தாக்குப்பிடித்து, 2003-04க்குப் பிறகு கீழே இறங்கிப் போனது. அதன்பின் பத்து வருஷத்துக்கு மேல் மேல்மட்ட லீக்கில் தமிழ்நாட்டுப் பெயரே இல்லை. 2014இல் ஐஎஸ்எல் வந்தது, அதில் சென்னையின் வந்தது. அது வேறு கடை, வேறு வியாபாரம். ஐ-லீக் பக்கம் காலியாகவேதான் இருந்தது.

2016-17இல் இரண்டு கிளப்புகளுக்கு ஐ-லீக்கில் நேரடி நுழைவு கிடைத்தது. ஒன்று சென்னை சிட்டி, இன்னொன்று மினர்வா பஞ்சாப். இந்த ஜோடியை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதை திரும்பத் திரும்ப இவங்க ரெண்டு பேர்கிட்டயேதான் வரும்.

முதல் வருஷம் சென்னை சிட்டி 8ஆம் இடம். இரண்டாம் வருஷமும் 8. அதே இரண்டாம் வருஷம் மினர்வா சாம்பியன் ஆகிவிட்டது. ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பையன் முதல் ராங்க் வாங்கினால் வீட்டில் என்ன பேச்சு கேட்கணுமோ, அதெல்லாம் சென்னை சிட்டியும் கேட்டது.

அந்த சீசன்

2018-19க்குப் பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். வெளிநாட்டு வீரர்களை ஸ்பெயின் பக்கம் தேடி எடுத்தார்கள். முன்னால் பெத்ரோ மான்சி, நடுவில் சாந்த்ரோ ரொட்ரிகேஸும் நெஸ்தர் கோர்தியோவும், பின்னால் ரொபேர்த்தோ எஸ்லாவா, கோல் கம்பத்தில் நௌசெத் சந்தானா. பெரிய பெயர்கள் எதுவும் கிடையாது. ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி கால்பந்து படித்தவர்கள். பந்தைத் தரையில் வைத்து, சின்னச் சின்னப் பாஸாக நகர்த்துவார்கள். கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்கிற பழக்கமே அந்த அணியிடம் இல்லை.

பெயரில் சென்னை இருந்தாலும் ஆடியது கோவை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில். சீசனின் தொடக்க ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸை 4-1 என்று அடித்தார்கள், மான்சிக்கு ஹாட்ரிக். சீசன் முடிவில் அவருக்கு 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21.

ஆனா பட்டத்தைத் தந்தது அந்த 21 கோல் இல்லைங்கறது என் கட்சி. ஈஸ்ட் பெங்காலுடன் ஆடிய இரண்டு ஆட்டங்கள்தான் தந்தது. நவம்பரில் கொல்கத்தாவில் 2-1, பொங்கலை ஒட்டி ஜனவரியில் கோவையில் 2-1. இரண்டும் சென்னைக்கே. ஒரு புள்ளியில் முடிந்த லீக்கில், இரண்டாம் இடம் வந்தவனிடமிருந்து நேரடியாக ஆறுக்கு ஆறு புள்ளி. இந்த இரண்டில் ஏதாவது ஒன்று டிராவாகியிருந்தாலே சென்னை 41, ஈஸ்ட் பெங்கால் 43. கதை முடிஞ்சது. பட்டம் கடைசி நாளில் ஜெயிக்கப்பட்டதாகத்தான் எல்லோரும் எழுதுவார்கள். கணக்கைப் பார்த்தால் பாதி வேலை ஜனவரியிலேயே முடிந்திருக்கிறது.

அந்த ஜனவரியில் எங்க ஊரில் பேச்சு வேற. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம்னு 2019 ஜனவரி 8 அன்று சட்டசபையில் அறிவிப்பு வந்திருந்தது. மணலூர்பேட்டை டீக்கடையில் எல்லாம் அதுதான். தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழா வேற. திருவண்ணாமலையிலிருந்து சாமி தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிற நாள், ஊரே மணலில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் "ஈஸ்ட் பெங்காலை ரெண்டு தடவையும் அடிச்சாச்சு தெரியுமா?"னு சொன்னா யார் காதில் விழும்? கபடியும் கிரிக்கெட்டும் தெரிந்த ஊரில் ஐ-லீக் ரசிகனாக இருப்பது கொஞ்சம் தனிமையான வேலைதான். சீசனின் பின்பாதியில் எல்லா ஆட்டமும் டிவியில் வரவில்லை, சில ஆட்டங்களை ஸ்கோர் மட்டும் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கோவைக்குப் போவதென்றால் கள்ளக்குறிச்சி, சேலம் வழியாக ஒரு பகல் முழுக்கப் பஸ்.

கடைசி நாள்

மார்ச் 9. சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம். கோவையில் சென்னைக்கு எதிரே யார் தெரியுமா? நடப்புச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால்.

ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் சென்னை 0-1. கோழிக்கோட்டில் 0-0. இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கு. அப்படியே முடிந்திருந்தால் இருவருக்கும் 40. புள்ளி சமமானால் நேருக்கு நேர் ஆடிய முடிவுகள்தான் முதலில் பார்க்கப்படும். அந்த ஆறு புள்ளி அங்கேயும் கை கொடுத்திருக்கும். தோற்றுக்கொண்டிருந்தபோதும் பட்டியலில் சென்னைதான் மேலே!

இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா. அசாமைச் சேர்ந்த டிஃபெண்டர், கோல் அடிப்பது அவர் வேலையே இல்லை. அவர் 2-1 ஆக்கினார். அந்தப் பக்கம் கோகுலம் முன்னிலை பெற்றது, அப்பாடான்னு மூச்சு விட்டால், ஈஸ்ட் பெங்கால் வரிசையாக இரண்டு அடித்து 2-1 என்று திருப்பிவிட்டது. இப்போது கணக்கு 43-க்கு 42. மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால் சென்னை 41, கோப்பை கொல்கத்தாவுக்கு. அந்த நிலையில் கழிந்த நிமிடங்களை நான் விளக்கப் போவதில்லை. கூடுதல் நேரத்தில் அதே போரா இன்னொன்று அடித்தார். 3-1.

ஈஸ்ட் பெங்கால் கடைசியாகத் தேசிய லீக் ஜெயித்தது 2003-04இல். பதினைந்து வருஷக் காத்திருப்பு அன்று இன்னும் நீண்டது. அவங்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரலை. விஜயனுக்கும் குலோத்துங்கனுக்கும் ஆடக் களம் கொடுத்த கிளப் அது. குலோத்துங்கன் 2018 ஜூலையில் விபத்தில் இறந்துபோனார். அவர் பழைய கிளப்பும் தமிழ்நாட்டுக் கிளப்பும் ஒரு பட்டத்துக்கு மோதுவதைப் பார்க்க அவர் இல்லை.

"நம்ம டீமா?"

என் சித்தி பையன் அப்போ கேட்டான்: "ஏண்ணே, கோல் அடிக்கிறவன் ஸ்பெயின்காரன், கோச் சிங்கப்பூர்க்காரர், கடைசியில ஜெயிக்க வெச்சவன் அசாம்காரன். அப்புறம் எப்படிண்ணே இது நம்ம டீமு?"

நியாயமான கேள்விதான். என் பதில் இது. அதே அணியில் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், ரெஜின், பிரவிட்டோ ராஜு ஆகியோர் இருந்தார்கள். அதற்கு முந்தைய சீசனில் இதே சட்டையில்தான் குமரி மாவட்டக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜ் வெளியே தெரிந்தார். பட்டத்துக்கு அடுத்த ஓரிரு வருஷத்தில் எட்வின் சென்னையினுக்கும், ரொமாரியோ எஃப்சி கோவாவுக்கும், அஜித் பெங்களூருக்கும் போனார்கள். அவர்கள் போனதில் எனக்கு வருத்தமில்லை. விஜயன் காலத்தில் தன்னை நிரூபிக்கவே கொல்கத்தா போகணும். இவர்கள் இங்கேயே நிரூபித்துவிட்டு, விலை பேசிப் போனார்கள். ஒரு கிளப் இருப்பதன் பயன் அதுதான்.

அதே 2019 மே மாதம், மதுரையின் சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றார்கள். அதில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். எங்க ஊர் வழியாகப் போகிற தென்பெண்ணை கடலில் சேருகிற ஊர். ஆக, ஒரே வருஷம் ஆண்கள் ஐ-லீக், பெண்கள் லீக் இரண்டும் தமிழ்நாட்டில் இருந்தன. அதே சீசன் ஐஎஸ்எல்லில் சென்னையின் 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடம். பேப்பரில் இடம் யாருக்கு அதிகம் கிடைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம்

ஏப்ரலில் சூப்பர் கோப்பையில் ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூருவை 2-1 என்று வென்றார்கள். அரையிறுதியில் கோவாவிடம் தோல்வி. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு எடுத்திருந்தது. எல்லாம் மேலே போவது போலத்தான் தெரிந்தது.

ஆனால் ஐ-லீக் ஜெயித்தவனுக்கு அன்று ஐஎஸ்எல்லுக்குப் போக வழியே கிடையாது. கிடைத்தது ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் ஓர் ஆட்டம். ஐ-லீக் பட்டத்துக்காக அந்த டிக்கெட்டைப் பெற்ற கடைசிச் சாம்பியனும் சென்னை சிட்டிதான், அடுத்த சீசனிலிருந்து அது ஐஎஸ்எல் பக்கம் போய்விட்டது. 2020 ஜனவரி 14, போகி அன்று, பஹ்ரைனின் அல் ரிஃபாவுடன் ஆட்டம். நம்ம சொந்த மைதான ஆட்டம், நடந்தது அகமதாபாத்தில். 0-1.

அதே மாதம் மான்சி ஜப்பான் போனார். மார்ச்சில் கொரோனா. 2020-21 சீசன் முழுக்க வங்காளத்திலேயே நடந்தது, சென்னை சிட்டி கீழ்வரிசையில் தடுமாறியது. 2021-22 ஐ-லீக் அணிகளின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. பட்டம் ஜெயித்து மூன்று வருஷம் முடியவில்லை.

அந்த இன்னொருத்தர்? மினர்வா கைமாறி ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் ஆனது. ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல் கதவு முதன்முதலில் திறந்தது 2022-23இல். அந்த வருஷம் ஜெயித்து உள்ளே போனது அவர்களேதான். ஒரே வருஷம் லீக்குக்குள் வந்த இரண்டு கிளப். இரண்டுமே சாம்பியன். ஒன்று கதவு திறக்கும்வரை தாக்குப்பிடித்தது, இன்னொன்றால் முடியவில்லை. கோவையில் 3-1 என்று ஜெயித்தது எந்த அணி என்பது அங்கே கணக்கில் வரவே இல்லை.

சென்னை சிட்டி அழிந்ததற்கு ஒரே ஆளைக் கை காட்டுவது சுலபம். என் பார்வையில் அடிப்படைச் சிக்கல், ஜெயித்தாலும் அடுத்த படி இல்லாத ஏணி. பட்டம் ஜெயித்தால் வருமானம் கூடணும், பெரிய எதிரணி வரணும், டிவி வரணும். இங்கே ஜெயித்த பிறகு செலவுதான் கூடியது. அப்படிப்பட்ட லீக்கில் ஒரு கிளப்பைத் தாங்குவது முதலாளியின் பையும் பொறுமையும் மட்டும்தான். இரண்டும் என்றைக்காவது தீரும்.

கிளப் போனால் அதன் ஆவணமும் போய்விடும். மோகன் பகானுக்குப் புத்தகங்கள் இருக்கு. சென்னை சிட்டிக்கு நம்மகிட்ட இருக்கறதுதான் மிச்சம். அன்று கோவை கேலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் டிக்கெட், போட்டோ, ஸ்கார்ஃப் ஏதாவது வைத்திருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீங்க. பின்னால் தேதியையும் யாருடன் ஆடினோம் என்பதையும் எழுதி வையுங்க. 43 புள்ளியும் 42 புள்ளியும் பட்டியலில் எப்போதும் இருக்கும். அந்த ஒரு புள்ளிக்காக யார் எப்படித் தவித்தார்கள் என்பதை நாம்தான் எழுதணும்.