உழைப்பும் கிறித்தவ நம்பிக்கையும் (சாந்தோம் வட்டாரம்)

அன்றாட வேலையை இறையழைப்பாகக் கருதும் கிறித்தவப் பார்வை தென்சென்னையில் வளர்ந்த விதம் தனித்துச் சொல்லத் தக்கது. ஊர் மட்டமாக எண்ணிய வேலைகளின் வழியாகவே அது இங்கே பெரிதும் வெளிப்பட்டது.

இந்த மரபு இயேசுவின் திருத்தூதரான தோமையாரிடமிருந்து தொடங்குகிறது. சாந்தோம் பேராலயத்தில் அவரது கல்லறை இருப்பதாக நம்பிக்கை. 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுந்ததாகக் கருதப்படும் 'தோமாவின் பணிகள்' என்ற நூல் அவரைத் தச்சராகவும் கொத்தராகவும் காட்டுகிறது. வணிகர் ஒருவர் அவரை விலைக்கு வாங்குகிறார். என்ன வேலை தெரியும் என்று கேட்கையில், மரத்தில் ஏர், நுகம், படகு, துடுப்பு செய்வேன், கல்லில் தூணும் அரண்மனையும் எழுப்புவேன் என்கிறார். கோந்தோபரஸ் மன்னன் அரண்மனை கட்டத் தந்த பணத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்துவிடுகிறார். இதை வரலாறாகக் கொள்ள இயலாது. அம்மன்னன் ஆண்டதும் வடமேற்கு இந்தியாவில்தான். ஆனாலும் இந்தக் கதையால்தான் ஓவியங்களில் அவர் கையில் மூலைமட்டம் வந்தது. கட்டடம் கட்டுவோரின் பாதுகாவலராகவும் ஆனார்.

துறவிகளுக்கும் குருக்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்த 'அழைப்பு' செருப்புத் தைப்பவருக்கும் உண்டு என்று 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் வாதிட்டார். அவர் வழிவந்த மிஷனரிகள் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினர். ஆனால் கைத்தொழிலைச் சாதியோடு கட்டிவைத்திருந்த சமூகத்தில் அந்த வாதம் எளிதில் வேர்பிடிக்கவில்லை. திருச்சபைக்குள்ளேயே சாதி இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

கத்தோலிக்கத் தரப்பில், 1906இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசிய சபையினர் 1909இல் மயிலாப்பூரில் பணி தொடங்கினர். ஆதரவற்ற சிறுவர்களுக்குக் கைத்தொழில் கற்பிப்பது அந்தச் சபையின் அடையாளம். நிறுவனர் டான் பாஸ்கோ, 1852இல் இத்தாலியின் தூரின் நகரில் ஒரு தச்சரிடம் சிறுவனைத் தொழில் பழகச் சேர்த்தபோது எழுதிய ஒப்பந்தம் இன்றும் உள்ளது. பையனைச் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. தொழிலுக்குத் தொடர்பில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது. ஞாயிறும் திருநாளும் விடுமுறை தர வேண்டும். உழைப்பின் மாண்பு பற்றிய எத்தனையோ மறையுரைகளைவிட இந்த ஒரு தாள் கனமானது. திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் உரிமைகளைப் பற்றிச் சுற்றுமடல் எழுதிய 1891க்கு 39 ஆண்டுகள் முந்தையது அது.

புராட்டஸ்டண்ட் தரப்பில் குறிப்பிடத்தக்கது ஒய்.எம்.சி.ஏ. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளி, பின்னர் அடையாற்றை ஒட்டிய நந்தனத்தில் கல்லூரியாக நிலைபெற்றது. பள்ளிக்கூடங்களில் டிரில் மாஸ்டருக்கு மற்ற ஆசிரியர்களின் மதிப்பு கிடைக்காத காலம் அது. உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒன்று என்பது ஒய்.எம்.சி.ஏ.யின் முக்கோணச் சின்னம் சொல்லும் கொள்கை. அதன்படி பார்த்தால், பிள்ளைகளை ஓடவும் குதிக்கவும் பழக்குவதும் இறைப்பணியே. பக் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் மேலாளராகச் சென்றார், 1943இல் காலமானார்.

1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கினார். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, 1923இல், தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிவிட்டார். திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். 1986இல் சாந்தோமுக்கு வந்தார். இளமையில் கல்குவாரியிலும் ரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர் அவர்.

அன்றாட வேலை இறையழைப்பா என்ற கேள்வி இன்று கணினி நிறுவன ஊழியர்களின் செபக்கூட்டங்களில் அதிகம் பேசப்படுகிறது. அங்கே வேலை தரும் மனநிறைவுக்கே முதலிடம். கூலி, ஓய்வு, மரியாதை ஆகியவற்றோடு சேர்த்து அந்தக் கேள்வியை எழுப்பியவர்களில் ஒருவர் பெல்ஜியத்திலிருந்து வந்த அருட்சகோதரி ஜீன் டெவோஸ். 1980களில் வீட்டுப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கியவர். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007இல் அமைந்தது. மயிலாப்பூர், அடையாறு அடுக்குமாடிகளில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் பலருக்கு வாரம் ஒருநாள் சம்பளத்தோடு லீவு என்பது இன்னும் கேட்டுப் பெற வேண்டியதாகவே இருக்கிறது.