சரக்கொன்றையும் அதன் பெயர்களும்

சித்திரை பிறந்து வெயில் கடுமையாகும் வேளையில், பாலாற்றங்கரை ஊர்களில் இலையுதிர்ந்து நிற்கும் மரமொன்று சில நாட்களுக்குள் பொன்மயமாகிவிடும். கிளைதோறும் முழ நீளத்துக்குப் பூச்சரங்கள் தொங்கும். அதுவே சரக்கொன்றை. இம்மரத்தை மக்கள் எவ்வாறு கண்டு பெயரிட்டார்கள் என்பது குறித்துச் சிறிது பேச விரும்புகிறேன்.

முதலில் மரத்தின் இயல்பைக் காண்போம். இது நடுத்தர உயரமுடையது. ஒவ்வோர் இலைக்காம்பிலும் மூன்று முதல் எட்டு இணைச் சிற்றிலைகள் அமைந்திருக்கும். பூவுக்கு இதழ்கள் ஐந்து. மகரந்தத் தாள்கள் பத்து. அவற்றுள் மூன்று மட்டும் நீண்டு வளைந்திருக்கும். காய் உருண்டு திரண்ட குழாய் போன்றது, ஓரடி முதல் இரண்டடி வரை நீளும், முற்றினால் கரும்பழுப்பாகும். அதனை உடைத்தால் காசுகளை அடுக்கி வைத்தாற்போன்ற தடுப்புகளையும், அவற்றினிடையே விதைகளையும் கரிய சதையையும் காணலாம். அச்சதை நம் மருத்துவத்தில் மலமிளக்கியாகப் பயன்படுவது.

தமிழர் கண் முதலில் பூவில் பதிந்தது. சரமாகத் தொங்குவதால் சரக்கொன்றை என்றனர். சங்கப் புலவர்கள் இதனை முல்லை நிலத்துக்கும் கார்காலத்துக்கும் உரியதாக்கினர். சிவபெருமான் சூடும் மலராகவும் இது போற்றப்பட்டது. ஔவையாரின் 'கொன்றை வேந்தன்' என்னும் நூற்பெயரைப் படிக்காத பள்ளிப் பிள்ளை உண்டோ? காயையும் நம்மவர் மறக்கவில்லை. ஆயர் ஊதும் கொன்றைக்குழல் சிலப்பதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது.

கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் பெருநூலின் முதல் தொகுதி 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் இம்மரம் 'கொன்ன' என்ற மலையாளப் பெயராலேயே குறிக்கப்பட்டது. 1753-இல் சுவீடன் நாட்டு லின்னேயசு இதற்குக் 'காசியா ஃபிஸ்டுலா' என்று பெயரிட்டார். ஃபிஸ்டுலா என்னும் இலத்தீன் சொல்லுக்குக் குழல் என்றே பொருள். தமிழ் ஆயன் கண்டதையே அவ்வறிஞரின் பெயரும் சொல்லிற்று! அதே நூலில் நம் ஆவாரையும் 'காசியா ஆரிகுலேட்டா' என்ற பெயர் பெற்றது. இலையடியில் காது மடல் போன்ற செதில்கள் இருப்பதால் வந்த பெயர் அது.

இவ்விரண்டையும் இணைத்து நோக்கிய மூன்றாவது கண் ஒன்று உண்டு. அது நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலாளியின் கண். பட்டைகளில் உள்ள துவர்ப்பொருளே பச்சைத் தோலை அழுகாது காக்கிறது. ஆவாரம் பட்டையே இதில் தலையாயது. கொன்றைப் பட்டையும் உடன் பயன்பட்டது. ஆவாரையால் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். அதனைத் தடுக்கக் கடுக்காய் நீரிலும் இடுவார்கள். 1856-இல் சென்னையிலிருந்து வாலாஜா சாலை வரை இருப்புப்பாதை வந்தபின், இவ்வட்டாரத் தோல் துறைமுகம் சேர்வது எளிதாயிற்று. பின்னாளில் தென்னாப்பிரிக்க வேட்டில் பட்டை வந்தது; குரோமிய முறையும் பெருகியது. நாட்டுப் பட்டைகளின் தேவை சுருங்கியது.

இங்கே என் பிழையொன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், பள்ளி முற்றத்தில் பூத்து நின்ற கொன்றையைக் காட்டி, "இம்மரத்தின் பெயரையும் சிறப்பையும் எழுதுக" என்றேன். ஒரு மாணவன் 'பட்டை மரம்' என்று எழுதினான். நான் சிவப்பு மையால் அடித்துச் சுழி போட்டேன். "எங்க தாத்தா அப்படித்தான் சொல்வாரு சார், பட்டை உரிச்சே அவருக்குக் கை காய்ச்சுப் போச்சு" என்றான். "தாத்தா சொல்வது பாடம் ஆகாது" என்று கூறி அவனை அமரச் செய்தேன். அவன் மறுமொழி கூறவில்லை.

1982-இல் இர்வின், பார்னிபி என்னும் இரு தாவரவியலார் காசியாப் பேரினத்தை மூன்றாகப் பிரித்து வகுத்தனர். வளைந்த தாள்களையுடைய கொன்றை காசியாவாகவே நின்றது. ஆவாரை 'சென்னா' ஆயிற்று. லின்னேயசு இட்ட பெயரே 229 ஆண்டுகளுக்குப் பின் திருத்தம் பெறுமாயின், ஓர் ஆசிரியனின் மதிப்பெண் திருத்தம் பெறலாகாதா? அதனை நான் உணர்ந்தபோது அம்மாணவன் பள்ளியை விட்டுப் போயிருந்தான்.

புலவன் பூவைக் கண்டான். ஆயனும் அறிஞனும் காயைக் கண்டனர். தொழிலாளி பட்டையைக் கண்டான். மூவர் கண்டதும் மெய்யே. அன்பர்களே, உங்கள் தெருவில் கொன்றை பூக்கும்போது பிள்ளைகளுக்கு அதன் நூற்பெயரைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் வீட்டில் வழங்கும் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.